யுவான் சுவாங்கின் மொழித்திறன் படிநிலைகளும் காஞ்சி மாநகரும்

ஆய்வுச்சுருக்கம்

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து இந்தியா வந்து, காஞ்சிபுரம் வரை பயணம் செய்த பௌத்தத் துறவி யுவான் சுவாங். அவர் பன்மொழி வல்லார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. அவருடைய வாழ்க்கையை மொழித்திறனின் படிநிலைகளை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வடமொழியில் உச்சப்படியை எட்டிய அவர் தமிழில் எப்படியில் நின்றார் என்பதையும், காஞ்சியின் மொழி குறித்து அவர் எழுதிய குறிப்பைத் தமிழ் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளும்போது கருத வேண்டியவற்றையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்

யுவான் சுவாங், காஞ்சிபுரம், மொழித்திறன், படிநிலை, தருமபாலர், மணிமேகலை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

ஒருவர் ஒரு மொழியை அறிவார் என்னும் கூற்று பல பொருள் தரும். சந்தையில் விலை கேட்கும் அளவுக்கு அறிந்தவரும் அவ்வாறே குறிக்கப்படுகிறார். அம்மொழியில் நூல் யாத்தவரும் அவ்வாறே குறிக்கப்படுகிறார். இவ்விடர்ப்பாட்டை நீக்கவே இக்கால மொழிக்கல்வியாளர் திறனைப் படிகளாகப் பகுத்தனர். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளைக் காட்டுகிறது. முதலிரண்டு படிகள் அன்றாடத் தேவைக்கு உரியன. இடையிரண்டு பிறர் துணையின்றி இயங்குவதற்கு உரியன. இறுதியிரண்டு புலமைக்கு உரியன. ஒருவருக்குப் படித்தலில் ஒரு படியும் பேசுதலில் வேறொரு படியும் அமையலாம் என்பதும், ஒரு மொழியில் உச்சப்படியில் இருப்பவர் மற்றொரு மொழியில் முதற்படிக்கும் கீழே நிற்கலாம் என்பதும் இச்சட்டகத்தின் அடிப்படைகள் ஆகும்.

இவ்வளவுகோல் இன்றையது, யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டினர். எனினும் அவருடைய மொழி வாழ்க்கையைக் காலமுறையில் அறிவதற்கு விரிவான பதிவுகள் உள்ளன. அவர் தாமே சொல்லிப் பியன்ஜி என்னும் துறவி தொகுத்து 646இல் நிறைவுற்ற மேற்றிசை நாடுகள் பற்றிய நூலும், அவருடைய மாணாக்கர் ஹுய்லி எழுதிய வாழ்க்கை வரலாறும் அவற்றுள் முதன்மையானவை. இவ்விரண்டையும் துணைக்கொண்டே இக்கட்டுரை அமைகிறது.

தாய்மொழிக் கல்வியும் எழுந்த ஐயமும்

யுவான் சுவாங் கி.பி. 602 அளவில், இன்றைய ஹெனான் மாநிலத்து லுவோயாங் நகரை அடுத்த ஊரில், சென் என்னும் குடியில் பிறந்தார். நான்கு மக்களுள் இளையவர். தந்தையிடம் கன்பூசிய நூல்களைக் கற்றார். துறவு பூண்டிருந்த இரண்டாம் அண்ணனைப் பின்பற்றி 13ஆம் அகவையில் மடம் புகுந்தார். 622இல் செங்டு நகரில் முழுத்துறவு ஏற்றார்.

அவர் கற்ற பௌத்த நூல்கள் யாவும் மொழிபெயர்ப்புகளே. ஒரே கருத்தை ஒரு நூல் ஒருவாறும் மற்றொரு நூல் வேறாகவும் கூறின. ஆசிரியர்களிடம் கேட்டபோது விளக்கங்களும் மாறுபட்டன. பிழை மூலத்தில் உள்ளதா, பெயர்ப்பில் உள்ளதா என்று அறிய மூலமொழியைக் கற்பதன்றி வேறு வழியில்லை. குறிப்பாக யோகாசார பூமி சாத்திரத்தின் முழுமையான மூலத்தைக் காண அவர் விழைந்தார். ஆகவே அவர் வேற்றுமொழி கற்கத் தூண்டியது ஒரு பனுவலை ஐயமறப் படிக்க வேண்டும் என்னும் தேவையே எனலாம். இந்நோக்கமே அவர் எம்மொழியை எவ்வளவு கற்றார் என்பதைப் பின்னர் வரையறுத்தது.

புறப்படுவதற்கு முன் தலைநகர் சாங்கானில் தங்கியிருந்த அயல்நாட்டாரை அணுகி அவர்தம் எழுத்தையும் பேச்சையும் பயின்றார் என்று தாவோசுவான் எழுதிய துறவியர் வரலாறு தெரிவிக்கிறது. இதனை அவருடைய அயன்மொழிக் கல்வியின் தொடக்கப்படி எனக் கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சென்ற வழி

எல்லை கடத்தற்கு இசைவு கிடைக்காத நிலையில், கி.பி. 629இல் (627 எனக் கொள்வாரும் உளர்) அவர் மறைவாக நாட்டை விட்டுப் புறப்பட்டார். துர்ஃபான் மன்னர் அவருக்கு இருபத்துநான்கு நாடுகளுக்கு அறிமுகத் திருமுகங்கள் வழங்கினார். மேலைத் துருக்கியரின் பேரரசரைச் சந்தித்தபோது, சீன மொழியும் வழியிலுள்ள நாடுகளின் மொழிகளும் அறிந்தவர் தம் படையில் உளரா என்று பேரரசர் தேடச் செய்தார். சாங்கானில் சில ஆண்டுகள் இருந்து சீனம் கற்ற இளைஞர் ஒருவர் கிடைத்தார். அவரை அலுவலராக அமர்த்திக் கபிச நாடு வரை துறவியுடன் அனுப்பினார்.

இந்நிகழ்ச்சி இரு செய்திகளை உணர்த்துகிறது. ஒன்று, நடு ஆசிய மொழிகளில் யுவான் சுவாங்குக்குத் தனித்து இயங்கும் திறன் இல்லை. மற்றொன்று, அத்திறனைப் பெறவும் அவர் முயன்றதாகப் பதிவு இல்லை. அந்நாடுகளின் மொழிகளை அவர் கூர்ந்து நோக்கினார், ஆயின் கற்கவில்லை. துகார நாட்டு எழுத்துகள் இருபத்தைந்து என்றும், அவை இடமிருந்து வலமாக எழுதப்படுவன என்றும், சோக்திய நாட்டு எழுத்து மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவது என்றும் குறித்துள்ளார். எழுத்தின் எண்ணிக்கையும் திசையும் புறத்தே நின்று காணத்தக்கவை. சொல்லும் பொருளும் உள்ளே நுழைந்தவர்க்கே புலப்படும். இவ்வேறுபாடு காஞ்சியில் அவர் செய்த பதிவை ஆராயும்போது மீண்டும் பயன்படும்.

காசுமீரமும் நாளந்தாவும்

காசுமீரத்தில் அவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். முதிய ஆசிரியர் ஒருவரிடம் பகலில் அபிதரும நூல்களையும், இரவில் அளவையியலையும் இலக்கணத்தையும் கேட்டார். சுவடிகளைப் படியெடுக்க மன்னர் இருபது எழுத்தர்களை அமர்த்தித் தந்தார். மொழியைத் தனியே கற்று முடித்தபின் நூல் கற்றார் என்பதில்லை. நூலும் இலக்கணமும் ஒருங்கே நடந்தன.

பின்னர் நாளந்தா சென்றார். அங்குத் தலைவராக விளங்கியவர் சீலபத்திரர். அவரிடம் யோகாசார பூமி சாத்திரத்தை யுவான் சுவாங் மும்முறை பாடம் கேட்டார். பாணினி வழிவந்த இலக்கணத்தையும் பயின்றார். ஹுய்லியின் நூலில் வடமொழி வினைத்திரிபுகளும் பெயர் வேற்றுமைகளும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்பட்டுள்ளன. திணை, எண், இடம் காட்டும் விகுதிகளோ வேற்றுமை உருபுகளோ இல்லாத சீன மொழியினர்க்கு, ஒரு பெயர்ச்சொல் எட்டு வேற்றுமையிலும் மூவகை எண்ணிலும் திரிவது முற்றிலும் புதிய செய்தி. அதனைத் தம் மக்களுக்கு விளக்கும் அளவுக்கு அவர் இலக்கணத்தை அறிந்திருந்தார்.

நாளந்தாவுக்கும் காஞ்சிக்கும் உள்ள தொடர்பும் இங்குக் கருதத்தக்கது. சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர். அவர் காஞ்சியில் உயர் அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் என்றும், அரசகுமாரியை மணக்கவிருந்த நாளுக்கு முன்னிரவில் ஊரை நீங்கித் துறவு பூண்டார் என்றும் யுவான் சுவாங் பதிவு செய்துள்ளார். ஆகவே காஞ்சிக்கு வருமுன்னரே, காஞ்சியில் பிறந்த ஒருவரின் கொள்கையை வடமொழி வழியாக அவர் கற்றிருந்தார்.

பிறர் மொழியை அளந்த அளவுகோல்

தம் பயணநூலில் யுவான் சுவாங் ஒவ்வொரு நாட்டின் மொழியையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார். இந்திய எழுத்துகள் நாற்பத்தேழு என்றும், நடு இந்தியாவின் பேச்சே திருத்தமானது என்றும், எல்லைப் புறங்களில் அது திரிந்து வழங்குகிறது என்றும் அவர் பொதுமுறையில் கூறுகிறார். பின்னர் ஒவ்வொரு நாட்டையும் அந்நடுப்புள்ளியோடு ஒப்பிடுகிறார்.

அவருடைய ஒப்பீட்டில் தெளிவான படிகள் உள்ளன. காமரூபத்தின் மொழி நடு இந்திய மொழியிலிருந்து சிறிதே வேறானது என்கிறார். கொங்கோதத்தில் எழுத்து ஒன்றே, பேச்சு பெரிதும் வேறு என்கிறார். கலிங்கத்தாரின் பேச்சு விரைவும் திருத்தமும் உடையதாயினும் சொல்வகையில் நடு இந்தியாவினின்று வேறுபடுகிறது என்கிறார். ஆந்திரத்தில் பேச்சு வேறு, எழுத்தின் முறை ஏறக்குறைய ஒன்று என்கிறார். திராவிட நாட்டைக் கூறுமிடத்து, மொழியும் எழுத்தும் நடு இந்தியாவினின்று சிறிதளவே வேறுபடுகின்றன என்று எழுதுகிறார்.

இவ்விறுதிக் குறிப்பே சிக்கலுக்கு உரியது. தமிழ் திராவிட மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. வடஇந்திய மொழிகளினின்று ஒலியமைப்பாலும் சொல்லாலும் தொடரமைப்பாலும் வேறானது. காமரூபத்துக்குத் தந்த அதே சிறு வேறுபாட்டை அவர் காஞ்சிக்கும் தந்திருப்பது ஏன் என்னும் வினா எழுகிறது.

காஞ்சியில் யுவான் சுவாங்

தாம்ரலிப்தித் துறையிலிருந்து கடல்வழியே ஈழம் செல்லவே அவர் முதலில் எண்ணினார். கடற்பயணத்தின் இடர்களை எடுத்துக்கூறிய தென்னாட்டுத் துறவி ஒருவர், நிலவழியே தெற்கே சென்று ஆங்கிருந்து கடப்பதே நன்று என்றார். அதனை ஏற்று ஒட்டரம், கலிங்கம், கோசலம், ஆந்திரம், தானியகடகம் ஆகியவற்றைக் கடந்து கி.பி. 640 அளவில் காஞ்சியை அடைந்தார். தானியகடகத்தில் இரு துறவியரிடம் மகாசாங்கிகரின் அபிதரும நூல்களைக் கற்றார். தாம் அறிந்த மகாயான நூல்களை அவர்களுக்குக் கற்பித்தார். கற்போராகவும் கற்பிப்போராகவும் ஒரே மொழியில் இயங்கும் படியை அவர் அப்போதே எட்டியிருந்தார் என்பது இதனால் தெளிவாகும்.

அக்காலத்தில் காஞ்சியை ஆண்டவர் முதலாம் நரசிம்மவர்மன். மன்னரின் பெயரை யுவான் சுவாங் குறிக்கவில்லை. நகரின் சுற்றளவு முப்பது லீ என்றும், நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்றும், கோயில்கள் எண்பது இருந்தன என்றும், நிர்க்கிரந்தர் எனப்படும் சமணர் பலர் வாழ்ந்தனர் என்றும் எழுதியுள்ளார். மக்கள் துணிவும் வாய்மையும் உடையவர், கல்வியை மதிப்பவர் என்கிறார். நகருக்குத் தெற்கே அசோகர் எழுப்பியதாகக் கூறப்பட்ட நூறடித் தூபி ஒன்று இருந்தது என்றும் குறிக்கிறார். பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிற் பகுதியிலிருந்து கிடைத்த புத்தர் சிலை இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. இந்நகரின் பௌத்த வாழ்வுக்கு அதுவும் சான்றாகும்.

காஞ்சியில் அவர் ஈழத்துத் துறவியரைச் சந்தித்தார். ஈழத்து மன்னர் இறந்தமையாலும் நாட்டில் பஞ்சம் நேர்ந்தமையாலும் ஏறத்தாழ முந்நூறு பேர் கடல் கடந்து வந்திருந்தனர். யோகாசார நூலில் தமக்கிருந்த ஐயங்களை அவர்தம் தலைவர்களிடம் யுவான் சுவாங் கேட்டார். அவர்கள் தந்த விளக்கம் சீலபத்திரரின் விளக்கத்தை விஞ்சவில்லை என்று முடிவு செய்தார். ஈழப் பயணத்தைக் கைவிட்டு, ஈழத்துத் துறவியர் எழுபதின்மருடன் வடமேற்கு நோக்கித் திரும்பினார். ஹுய்லியின் நூலின்படி, மலகூட நாட்டையும் ஈழத்தையும் பற்றிய செய்திகள் அவர் கேட்டறிந்தவையே. எனவே அவர் சென்ற தென்கோடி காஞ்சியே ஆகும்.

சீனத்தவர் ஒருவரும் ஈழத்தவர் பலரும் தமிழகத்து நகரொன்றில் கூடி, வடமொழி நூலொன்றின் நுண்பொருளை ஆராய்ந்தனர். உரையாடல் வடமொழியிலேயே நிகழ்ந்தது எனக் கருதலாம். மூலமும் அதன் கலைச்சொற்களும் அம்மொழியின. இருதரப்பாரும் பயின்ற பொதுமொழியும் அதுவே. இவ்வுரையாடலுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அவர் எழுதிய வரலாற்றிலோ அவரைப் பற்றிய வரலாற்றிலோ அவர் தமிழ் கற்றதாகக் குறிப்பு ஏதும் இல்லை.

அவையும் ஆக்கமும்

காஞ்சியிலிருந்து திரும்பிய சில ஆண்டுகளில் அவருடைய வடமொழித்திறன் உச்சத்தை அடைந்தது. கி.பி. 643இல் ஹர்ஷர் கனோசியில் கூட்டிய பேரவையில் அவர் தம் கோட்பாட்டை முன்வைத்தார். அது எழுதப்பட்டு அவை வாயிலில் தொங்கவிடப்பட்டது. பதினெட்டு நாள் நிகழ்ந்த அவையில் மறுப்பார் எவரும் எழவில்லை என்று ஹுய்லி கூறுகிறார். இதற்கு முன்னும் பின்னுமாக வடமொழியில் மூன்று நூல்களை யுவான் சுவாங் இயற்றினார்; அவற்றுள் ஒன்று 3000 சுலோகமும், மற்றொன்று 1600 சுலோகமும், மூன்றாவது 300 சுலோகமும் கொண்டவை. அவை இன்று கிடைத்தில.

கேட்டல், படித்தல், கற்பித்தல், வாதிடல், நூல் இயற்றல் என்னும் வரிசையில் அவர் ஏறிய படிகள் தெளிவானவை. ஏறத்தாழ முப்பது அகவைக்குப் பின்னரே இந்திய மண்ணில் மொழிகற்கத் தொடங்கிய ஒருவர் அம்மொழியிலேயே நூல் செய்யும் நிலையை எய்தியமை அரியதாகும்.

மொழிபெயர்ப்புக் கூடம்

645இல் 657 நூல்களுடன் அவர் சாங்கான் திரும்பினார். அடுத்த பத்தொன்பது ஆண்டுகளில் 75 நூல்களை 1335 சுருள்களாகச் சீனத்தில் பெயர்த்தார். இப்பணியில் அவர் தம் தனித்திறனை மட்டும் நம்பவில்லை. பொருளைச் சரிபார்க்கப் பன்னிருவர், நடையைச் செம்மைப்படுத்த ஒன்பதின்மர், சீன எழுத்துகளை ஆராய ஒருவர், வடமொழியை ஒப்புநோக்க ஒருவர் எனத் தொடக்கத்திலேயே குழு அமைந்தது. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பொருளைக் கொண்டு சேர்த்தல் தனித்ததொரு திறன் என்பதும், உச்சப்படியில் நிற்பவர்க்கும் பிறர் துணை வேண்டும் என்பதும் இவ்வமைப்பால் விளங்கும்.

திறனின் எல்லையை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. மந்திரச் சொற்கள், பல பொருள் ஒரு சொற்கள், சீனத்தில் இல்லாத பொருள்களின் பெயர்கள், முன்னோர் ஒலிபெயர்த்து நிலைபெற்ற சொற்கள், பெயர்த்தால் மதிப்புக் குன்றும் சொற்கள் ஆகிய ஐவகைச் சொற்களைப் பெயர்க்காமல் ஒலிபெயர்க்க வேண்டும் என்னும் நெறியைப் பிற்கால நூல்கள் அவருக்கு உரியதாகக் கூறுகின்றன. 647இல் பேரரசரின் ஆணைப்படி லாவோட்சுவின் நூலை வடமொழியாக்கியபோது, தாவோ என்னும் சொல்லுக்குப் போதி என்பதை வைக்க வேண்டும் என்று தாவோ நெறியினர் வற்புறுத்தினர். மார்க்கம் என்பதே பொருந்தும் என்று அவர் உறுதியாக நின்றார். இருமொழியிலும் ஒரு சொல்லின் எல்லையை அறிந்தவரே இவ்வாறு வாதிட இயலும்.

659இல் அவர் தொகுத்துப் பெயர்த்த விஞ்ஞப்தி மாத்திரதை நூல் பல உரையாசிரியர்களின் கருத்தைத் தழுவியதாயினும், தருமபாலரின் உரையையே முதன்மையாகக் கொண்டது. அதன் வழியே காஞ்சியில் பிறந்த ஒருவரின் சிந்தனை சீனம், கொரியா, சப்பான் ஆகிய நாடுகளில் பயிலப்பட்டது. 663இல் அறுநூறு சுருள் கொண்ட மகாபிரஞ்ஞாபாரமிதையை முடித்தார். 664இல் யூகுவா அரண்மனை மடத்தில் காலமானார்.

காஞ்சிக் குறிப்பின் பொருள்

இனி முன்னர் எழுந்த வினாவுக்கு விடை காணலாம். காஞ்சியின் மொழி சிறிதே வேறுபடுகிறது என்னும் குறிப்பை, ஏழாம் நூற்றாண்டுத் தொண்டைநாட்டில் வடமொழியோ அதனைச் சார்ந்த மொழியோ மக்கள் வழக்காக இருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. பல்லவர் செப்பேடுகளில் பள்ளன்கோயில் செப்பேடு வடமொழியோடு தமிழ்ப் பகுதியும் கொண்டது. மகேந்திரவர்மன் காலத்து வல்லம் குடைவரைக் கல்வெட்டு தமிழில் அமைந்தது. யுவான் சுவாங் வந்த நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசர் தமிழில் பாடிக்கொண்டிருந்தார். எனவே மக்கள் மொழி தமிழே என்பதில் ஐயமில்லை.

குறிப்பு எழுந்த சூழலை நோக்கினால் விளக்கம் கிடைக்கிறது. அவர் பழகியவர்கள் மடத்துத் துறவியர். அவர் கண்ட எழுத்து, வடமொழியை எழுதப் பல்லவ நாட்டில் வழங்கிய கிரந்தமாக இருத்தல் கூடும். அது பிராமியின் வழிவந்தமையால் நடு இந்திய எழுத்தோடு உறவுடையது. மன்னர் அவையும் வடமொழியைப் போற்றியது. மகேந்திரவர்மன் காஞ்சியைக் களமாக வைத்து இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் அதற்குச் சான்று. ஆந்திரத்தில் பேச்சையும் எழுத்தையும் பிரித்துக் கூறியவர் காஞ்சியில் இரண்டையும் சேர்த்தே கூறியிருப்பதும் நோக்கத்தக்கது. ஆகவே இக்குறிப்பு காஞ்சியின் கற்றோர் வழக்கைப் பற்றியது எனக் கொள்வதே பொருந்தும். தமிழைப் பொறுத்தவரை அவர் முதற்படிக்கும் புறத்தே நின்றார் என்பதே இதனால் பெறப்படும்.

இதனால் அவர் இழந்தது சிறிதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் உணர்த்துவதாக அமைந்துள்ளது. அதன் கருத்துகள் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு நெருங்கி ஒத்துள்ளதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். அதே நியாயப்பிரவேசத்தை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் பெயர்த்தார். மணிமேகலையின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒரே அளவை நூலின் கருத்துகள் வடக்கே சீனத்திலும் தெற்கே தமிழிலும் உருப்பெற்றன என்பது உறுதி. பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று அளவைக் கலைச்சொற்களைத் தமிழ் தன் இயல்புக்கேற்ப அமைத்துக்கொண்டது. அவரைப் போன்றே கடினமான பெயர்ப்புப் பணியில் ஈடுபட்ட ஒரு மொழி வழங்கிய நகரில் அவர் தங்கினார். அம்மொழியை அவர் அறியவில்லை.

முடிவுரை

யுவான் சுவாங்கின் மொழித்திறன் ஒரே சொல்லில் அடங்குவதன்று. சீனத்தில் தாய்மொழிப் புலமை, வடமொழியில் நூல் இயற்றும் புலமை, நடு ஆசிய மொழிகளில் பிறர் துணையால் இயங்கும் நிலை, தமிழில் புறநோக்கு மட்டுமே என அது நான்கு நிலைகளாகப் பிரிகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அறிவுக் குறை அன்று, நோக்கமே. அவருக்கு வேண்டிய நூல் எம்மொழியில் இருந்ததோ அம்மொழியை அவர் முற்றக் கற்றார்.

எனவே தமிழ் வரலாற்றுக்கு அயலார் குறிப்புகளைப் பயன்படுத்துவோர், குறிப்பைத் தந்தவர் எம்மொழியில் எப்படியில் நின்று அதனை எழுதினார் என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். மடங்களின் எண்ணிக்கை, துறவியர் வாழ்வு, தருமபாலரின் வரலாறு ஆகியவற்றில் யுவான் சுவாங்கின் பதிவு பெருமதிப்புடையது. அவை அவர் மொழியறிந்து கேட்டவை. காஞ்சியின் மொழி பற்றிய பதிவோ, அவர் கேட்டும் பொருள் கொள்ளாத ஒன்றைப் பற்றியது. முன்னதை ஏற்பதற்காகப் பின்னதை ஏற்க வேண்டியதில்லை. பின்னதை மறுப்பதால் முன்னதின் மதிப்பும் குறைவதில்லை.